நட்ட முடி நின்றது, நடாத முடி போனது

2010இல் எனக்கு 24 வயது. திருச்சி உறையூரில், பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு முடி வெட்டிவந்த சலூன் அண்ணன்தான் முதலில் சொன்னார். வெட்டி முடித்துவிட்டு, சின்னக் கண்ணாடியைப் பின்தலைக்குப் பிடித்தபடி, "தம்பி, உச்சியில லேசா வெளுக்குதே, பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய், அம்மாவின் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பீரோ கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்று பார்த்தேன். சுழியைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் தெரிந்தது. நெற்றியின் இரண்டு ஓரமும் உள்ளே ஏறியிருந்தது.

அதற்குப் பிறகு 15 வருடம் ஓடிவிட்டது. இரண்டு முறை முடி நட்டிருக்கிறேன், ஏழு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். இன்று என் தலை எனக்குத் திருப்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் போன வரிசை தவறு. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும், கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலும் செய்தேன். அதனால், நடுவதற்காகப் பிடரியிலிருந்து எடுக்கும் முடியில் ஒரு பங்கைத் தேவைக்கு முன்பே செலவழித்துவிட்டேன். அதைத் திரும்பப் பெற வழியே கிடையாது. அந்த வரிசையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நான்கு வருடம் எண்ணெயில் போனது. அம்மா கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் வெந்தயமும் போட்டுத் தேங்காயெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தேன். சமயபுரத்தில் மொட்டை போட்டால் புதுமுடி அடர்த்தியாக வரும் என்று அத்தை சொன்னார், அதையும் செய்தேன். வேண்டுதலுக்காக மொட்டை போடுவது வேறு, அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் சவரக்கத்தி தோலுக்கு மேலே இருப்பதைத்தான் எடுக்கிறது. வேருக்கு அது தெரியவே தெரியாது. மொட்டைக்குப் பிறகு முளைக்கும் முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகப் படுகிறது, அவ்வளவுதான்.

நான் கட்டட வேலையில் சைட் இன்ஜினீயர். "நாள் பூரா ஹெல்மெட் போட்டுப் போட்டுத்தான்டா இப்படி ஆச்சு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். அதை நம்பிச் சில மாதம் சைட்டில் ஹெல்மெட்டைக் கழற்றிவைத்தேன். ஒரு நாள் சாரத்திலிருந்து ஒரு கம்பித்துண்டு நழுவி என் தோளில் விழுந்தது. அரை அடி தள்ளி விழுந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஹெல்மெட்டால் வழுக்கை வருவதில்லை. வியர்வையால் பொடுகும் அரிப்பும் வரலாம், அதற்கு உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொண்டால் போதும். தயவுசெய்து யாரும் முடிக்காக ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், பைக்கிலும் சரி, சைட்டிலும் சரி.

அப்போதே ஒரு தோல் மருத்துவரிடம் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆண்களுக்கு வரும் இந்த வழுக்கையில் முடி ஒரே நாளில் கொட்டிப்போவதில்லை. உடலில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனை ஒரு நொதி டிஎச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரையாக அந்த டிஎச்டியால் எளிதில் பாதிக்கப்படும் வேர்கள் நெற்றியிலும் உச்சியிலும் இருந்தால், அவை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன. தடித்த முடி மெல்லிய முடியாகும், மெல்லிய முடி பூனைமுடியாகும், கடைசியில் அதுவும் நின்றுபோகும். ஓர் இடத்தில் கிட்டத்தட்ட பாதி முடி போன பிறகுதான் நம் கண்ணுக்கே அது தெரியும். சலூன் அண்ணன் காட்டிய அந்த ஒரு ரூபாய் வட்டம் ஆரம்பம் இல்லை, பாதி வழி.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இன்றும் முழு முடி. "மாமன் தலைதான் மருமகனுக்கு" என்று சொல்லி எல்லாரும் என் தாய்மாமனைக் காட்டினார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. டிஎச்டி வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அதை ஆண்பிள்ளை அம்மாவிடமிருந்துதான் வாங்குகிறான். ஆனால் வேறு பல மரபணுக்களும் இதில் சேர்ந்திருக்கின்றன, அவை அப்பா வழியிலும் வரும். மாமாவுக்கு முடி இருக்கிறது என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

2014இல், 28 வயதில், எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். இரண்டு இடத்தில் போட்டோ பார்த்ததோடு பேச்சு நின்றது. காரணம் யாரும் சொல்லவில்லை, ஆனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. முடி போவது உயிர் போகிற விஷயம் இல்லைதான். ஆனால் அதைச் சின்ன விஷயம் என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் முடி இருக்கிறது. கூட்டத்தில் தலை குனியத் தயங்குவது, டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்காராமல் இடம் மாறுவது, காற்றடித்தால் கை தானாக நெற்றிக்குப் போவது, இதெல்லாம் ஒரு மனுசனை உள்ளுக்குள் சோர வைக்கும். அந்தச் சோர்வில்தான் தப்பான இடத்துக்குப் போய்ச் சேருகிறோம்.

நான் போய்ச் சேர்ந்த இடம் சென்னையில் ஒரு முடி நடும் மையம். பெயர் வேண்டாம். வரவேற்பறை ஏசியும் கண்ணாடியுமாக நட்சத்திர ஹோட்டல் மாதிரி இருந்தது. என்னிடம் முக்கால் மணி நேரம் பேசியவர் மருத்துவர் இல்லை, ஆலோசகர். மருத்துவர் ஐந்து நிமிடம் வந்து தலையைப் பார்த்தார். வீட்டில் யாருக்கு எந்த வயதில் வழுக்கை வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாத்திரை பற்றி நானே கேட்டதற்கு, "அதெல்லாம் சைடு எஃபெக்ட் சார். நட்டுட்டா நிரந்தரம், அப்புறம் கவலையே இல்ல" என்றார் ஆலோசகர். நிரந்தரம் என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் 90,000 ரூபாய் கட்டினேன்.

பிடரியிலிருந்து ஒரு நீளத் தோல்பட்டையை வெட்டி எடுத்து, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, 1,800 கிராஃப்ட் நட்டார்கள். கிராஃப்ட் என்றால் ஒற்றை முடி இல்லை. தலையில் முடி ஒன்று, இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு என்று சிறு கொத்தாகத்தான் வளர்கிறது. அந்தக் கொத்து ஒன்றுக்குத்தான் கிராஃப்ட் என்று பெயர். என் நெற்றிக்கோட்டை நான் கேட்டபடியே நன்றாகக் கீழே இறக்கி வரைந்தார்கள், கல்லூரியில் சேர்ந்தபோது இருந்த மாதிரி. எனக்கு அப்போது சந்தோசம்தான். வேண்டாம் என்று மறுத்திருக்க வேண்டியவர் மருத்துவர்.

ஒரு வருடத்தில் முன்தலை நிரம்பியது. 2015இல் கல்யாணமும் ஆனது. இரண்டு வருடம் நான் கண்ணாடியை மறந்தே போனேன்.

2017இல் மகளுக்குக் காதுகுத்து. மண்டபத்து மாடியிலிருந்து மச்சான் எடுத்த வீடியோவை ராத்திரி எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். குழந்தையை மடியில் வைத்து நான் குனிந்திருக்கிறேன். நெற்றியில் கட்டு கட்டாக முடி. அதற்குப் பின்னால் ஒரு வெற்றுப் பட்டை, அதற்கும் பின்னால் வழுக்கை விழுந்த உச்சி. வயலில் வரப்போரம் மட்டும் பயிர் நிற்பதுபோல் இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி மட்டும் வீடியோவைத் தள்ளி ஓட்டினாள்.

நடந்தது இதுதான். நட்ட முடி நிற்கும், ஏனென்றால் அது பிடரியிலிருந்து வந்தது. பிடரி வேர்களை டிஎச்டி அவ்வளவாகத் தொடுவதில்லை, எங்கே கொண்டுபோய் நட்டாலும் அவை தங்கள் பழைய குணத்தோடுதான் வளரும். நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1952இலேயே இதைச் செய்து பார்த்தார், 1959இல் எழுதியும் வைத்தார். முடி நடும் தொழில் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது. ஆனால் நட்ட முடிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய முடிக்கு அந்தக் குணம் கிடையாது. அது பாட்டுக்குச் சுருங்கிக்கொண்டுதான் இருக்கும். அறுவை சிகிச்சை போன இடத்தை நிரப்புகிறது, போவதை நிறுத்துவதில்லை. நிறுத்துவது மருந்தின் வேலை. இந்த ஒரு வாக்கியத்தை 2014இல் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் போதும்.

2018 தொடக்கத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் ஒரு சின்னக் கருவியைத் தலையில் வைத்துத் திரையில் காட்டினார். தடித்த முடிக்குப் பக்கத்திலேயே மெல்லிய முடி, அதற்குப் பக்கத்தில் பூனைமுடி. "இப்படித் தடிப்பு மாறி மாறி இருந்தா இது பரம்பரை வழுக்கைதான், சத்துக் குறைவு மட்டும் இல்ல" என்றார். இருந்தாலும் ரத்தசோகை, இரும்புச்சத்து, தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் பார்க்கச் சொன்னார். நான் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சில நாள் நிறுத்திவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் பரிசோதனையையும்கூடத் தப்பாகக் காட்டிவிடும். முடிக்கென்று அந்த மாத்திரையை விழுங்கும் பலருக்கு இது தெரியாது.

பிறகு ஃபினாஸ்டெரைடு 1 மில்லிகிராம், தினம் ஒன்று. இந்த மாத்திரையின் கதையைக் கேட்டபோது எனக்கு அதன் மேல் ஒரு நம்பிக்கை வந்தது. டொமினிக்கன் குடியரசில் சில கிராமங்களில், டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டியாக மாற்றும் அந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருந்த குடும்பங்களை 1970களில் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அந்த ஆண்களுக்கு வயதானாலும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, நெற்றி ஏறவில்லை. அதே நொதியை மாத்திரையால் அடக்கினால் என்ன என்று யோசித்ததில் பிறந்ததுதான் ஃபினாஸ்டெரைடு. 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாக வந்தது, 1997இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராமாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தத்தில் இருக்கும் டிஎச்டியை ஏறக்குறைய 70 சதவீதம் குறைக்கிறது. இரண்டு வருட ஆய்வில், இதைச் சாப்பிட்ட ஆண்களில் 83 சதவீதம் பேருக்கு உச்சியில் எண்ணிப் பார்த்த முடி குறையவில்லை, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 28 சதவீதம் பேருக்குத்தான் அப்படி இருந்தது. இதில் கவனிக்க வேண்டிய சொல் "குறையவில்லை" என்பது. பலருக்குக் கொஞ்சம் திரும்ப வளரவும் செய்யும். ஆனால் வெறும் மண்டையில் காடு முளைக்கும் என்று நினைத்து ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் ஏமாந்து நிறுத்திவிடுவீர்கள். நிறுத்தினால் பிடித்துவைத்ததெல்லாம் ஒரு வருடத்துக்குள் போய்விடும்.

பக்கவிளைவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் ஆண்கள் யாரிடமும் கேட்பதில்லை. ஆசை குறைவது, விறைப்பு குறைவது, விந்து அளவு குறைவது, இவை சிலருக்கு வரும். ஆரம்ப ஆய்வுகளில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாக வந்தது, மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில்கூட இரண்டு பேருக்கு வந்தது. இத்தாலியில் புராஸ்டேட் நோயாளிகளிடம் செய்த ஓர் ஆய்வில், பக்கவிளைவைச் சொல்லிக் கொடுத்தவர்களில் 43 சதவீதம் பேரும், சொல்லாமல் கொடுத்தவர்களில் 15 சதவீதம் பேரும் பிரச்சினை என்றார்கள். பயமும் வேலை செய்கிறது. அதற்காக எல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடவும் முடியாது. நிறுத்திய பிறகும் தொல்லை நீடித்ததாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சை நான் மதிக்கிறேன். மனச்சோர்வும் வரலாம். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. ஏற்கெனவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாப்பிடும்போது மனம் இருண்டுபோவதுபோல் தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போய்ப் பார்க்க வேண்டும். எந்த முடியும் அதைவிடப் பெரிதில்லை.

எனக்கு இரண்டாவது மாதத்தில் ஆசை குறைந்ததுபோல் இருந்தது. இரண்டு வாரம் மனைவியிடம் சொல்லாமல் வைத்திருந்து, நாலு விதமாக யோசித்து, தூக்கம் கெட்டது. அப்புறம் சொன்னேன். அவள், "இதுக்கா இவ்ளோ நாளா மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தீங்க? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். வாங்க, டாக்டரையே கேப்போம்" என்றாள். மருத்துவர் ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிடச் சொன்னார். மூன்று மாதத்தில் எல்லாம் சரியானது, பிறகு தினமும் சாப்பிட ஆரம்பித்தேன். கல்யாணம் ஆனவர்கள் இந்த மாத்திரையைத் துணைக்குத் தெரியாமல் சாப்பிடக் கூடாது என்பது என் கருத்து. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கர்ப்பமான பெண் உடைந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். இரண்டாவது குழந்தைக்கு நாங்கள் திட்டமிட்டபோது, மூன்று மாதம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொன்னார் மருத்துவர். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறைகிறது, நிறுத்தினால் மீள்கிறது. ரத்ததானம் செய்கிறவர்கள் ரத்த வங்கியில் இதைச் சொல்லிவிட வேண்டும், கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பிற்காலத்தில் புராஸ்டேட்டுக்காக பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை செய்தாலும் சொல்லுங்கள், இந்த மாத்திரை அந்த அளவை ஏறக்குறைய பாதியாகக் காட்டும்.

கூடவே மினாக்ஸிடில் 5 சதவீதம், காலையும் இரவும் ஒரு மில்லி. இதுவும் வேறு வேலைக்கு வந்த மருந்துதான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாகக் கொடுத்தபோது கையிலும் முகத்திலும் முடி முளைத்தது, அதைப் பார்த்துத் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். தடவ ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டியது. தலையணை முழுக்க முடி. மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்திருந்ததால்தான் தாங்கிக்கொண்டேன். ஓய்வில் இருந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி கிளம்புவதன் அடையாளம் அது. இந்தக் கட்டத்தில் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. முடியில் தடவாமல் தோலில் படும்படி, தலை காய்ந்திருக்கும்போது தடவ வேண்டும், தடவிவிட்டுக் கையைக் கழுவ வேண்டும். திரவத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் சிலருக்கு அரிப்பு தரும், அவர்களுக்கு நுரை வடிவம் ஒத்துப்போகும். வீட்டில் பூனை இருந்தால் மிகவும் கவனம். இந்த மருந்து பூனைக்குக் கடும் விஷம், தலையணையை நக்கினால்கூட ஆபத்து. மினாக்ஸிடிலைக் குறைந்த அளவு மாத்திரையாகக் கொடுக்கும் வழக்கமும் இப்போது வந்திருக்கிறது. ஆனால் கால் வீக்கம், படபடப்பு வரலாம், எனவே கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள்.

பிஆர்பியும் மூன்று முறை போட்டுக்கொண்டேன், நம் ரத்தத்தையே சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவது. எனக்கு அதில் பெரிய மாற்றம் தெரியவில்லை. சிலருக்கு உதவுகிறது என்கிறார்கள். மாத்திரைக்கும் மருந்துக்கும் பதிலாக இதை மட்டும் செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மாதத்துக்கு ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே டியூப்லைட்டின் கீழ், காய்ந்த தலையோடு நான்கு போட்டோ. இதை மருத்துவர் கட்டாயமாகச் சொன்னார். தினமும் கண்ணாடியில் பார்த்தால் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. எட்டாவது மாதம் போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது உச்சி வட்டம் சிறுத்திருந்தது. வெற்றுப் பட்டை அப்படியே இருந்தது, ஆனால் அகலமாகவில்லை. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மருந்தை 24 வயதில் ஆரம்பித்திருந்தால் முதல் அறுவை சிகிச்சையே தேவைப்பட்டிருக்காது.

2021இல் கொரோனா வந்து போன மூன்றாவது மாதம் முடி கொத்துக் கொத்தாக வந்தது. மருந்து கைவிட்டுவிட்டது என்று நினைத்தேன். கடும் காய்ச்சல், டெங்கு, டைஃபாய்டு, கொரோனா, எது வந்தாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி ஒரு உதிர்வு வரும், தானாக நிற்கும் என்றார் மருத்துவர். அப்படியே நடந்தது. இந்த மாதிரி சமயத்தில் யாரும் முடி நடுவதற்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

மருந்தில் நான்கு வருடம் ஆகி, உதிர்வு நின்றது உறுதியான பிறகுதான் இரண்டாவது அறுவை சிகிச்சை, 2022 டிசம்பரில். இந்த முறை நான் கேள்வி கேட்டுத்தான் உள்ளே போனேன். காரணம், 2016இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் முடி நட்டுக்கொண்ட பிறகு உயிரிழந்த செய்தி. 22 வயது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் என் முதல் அறுவை சிகிச்சை நடந்த அறையை நினைத்துப் பார்த்தேன். அங்கே மயக்க மருந்து கொடுத்தவர் யார், அவசரம் என்றால் என்ன செய்திருப்பார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையமும் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் அறுவை மருத்துவரோதான் செய்ய வேண்டும், யூடியூபில் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆகவே மருத்துவரின் பட்டத்தையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். முடியை எடுப்பதும் துளை போடுவதும் யார், அவர் கடைசி வரை அறையில் இருப்பாரா, இதய ஓட்டம் பார்க்கும் கருவியும் அவசர மருந்தும் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது மருத்துவர் என் பிடரியை அளந்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது விதைநெல் மாதிரிங்க. ஒரு ஆளுக்கு ஆயுசுக்கும் எடுக்கக் கூடியது அஞ்சாயிரம், ஆறாயிரம்தான். நீங்க 1,800 ஏற்கெனவே எடுத்துட்டீங்க. இப்ப 1,500 எடுப்போம், மிச்சத்த விட்டு வெப்போம்." உச்சியைத் தொட வேண்டாம், அதை மருந்து பார்த்துக்கொள்ளும், சுழிப் பகுதி எவ்வளவு போட்டாலும் விழுங்கும் என்றும் சொன்னார். ஒரே நாளில் ஐயாயிரம் கிராஃப்ட் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த முறை எஃப்யூஇ, அதாவது தோல்பட்டை வெட்டாமல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சின்ன வட்டக் கத்தியால் ஒவ்வொரு கொத்தாக எடுப்பது. பழைய முறையின் தழும்பு என் பிடரியில் இன்றும் ஒரு கோடாக இருக்கிறது, முடியை ஒட்ட வெட்டினால் தெரியும். காலை எட்டு மணிக்குத் தலையை மழித்து, மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். வலி என்றால் அந்தப் பத்து நிமிடம்தான், பிடரியில் போடும் ஊசி சுரீர் என்றிருக்கும். பிறகு குப்புறப் படுத்து மூன்று மணி நேரம், டிக் டிக் என்று சத்தம் மட்டும். மதியம் தயிர்சாதம் கொடுத்தார்கள். பிறகு நடவு. முன்வரிசைக்கு ஒற்றை முடி, பின்னால் இரண்டும் மூன்றும். ஒற்றையாக நடாவிட்டால் நெற்றி பொம்மைத் தலை மாதிரி தெரியும். மாலை ஆறு மணிக்கு முடிந்தது.

மூன்றாம் நாள் வீக்கம் நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கியது. மகள் பயந்து பக்கத்தில் வரவில்லை. இரண்டு நாளில் வடிந்தது. ஒரு வாரம் தலையணை உயர்த்தி, சாய்ந்தபடிதான் தூக்கம். உப்புநீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்தது. சைட்டுக்கு ஹெல்மெட் இல்லாமல் போக முடியாது என்பதால் மூன்று வாரம் விடுப்பு எடுத்தேன், உங்கள் வேலைக்கு ஏற்ப இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு மாதத்துக்குள் நட்ட முடியெல்லாம் உதிர்ந்துவிட்டது. முதல் முறை இதற்கு நான் அலறி அடித்துக்கொண்டு போனேன். முடிதான் உதிர்கிறது, வேர் உள்ளே இருக்கிறது. நான்காம் மாதம் மெல்லியதாக முளைவிட்டது, எட்டாம் மாதம் சீப்பு வைக்க முடிந்தது, ஒரு வருடத்தில் முழுசாகத் தெரிந்தது.

கிராஃப்டுக்கு 60 ரூபாய், 90,000. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 1,06,200. அழகுக்காகச் செய்வது என்பதால் மருத்துவக் காப்பீடு தராது. மாத்திரையும் மருந்தும் எனக்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் ஆகிறது, அது வாழ்நாள் செலவு. நடுவதற்கு முன் இந்த இரண்டாவது கணக்கையும் போட்டுப் பாருங்கள். பணம் இல்லையென்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, முதலில் காட்ட அங்கேயே போகலாம். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பதும் முழுமையான முடிவுதான். என் தாய்மாமன் அப்படித்தான் இருக்கிறார், அவர் தலை நிமிர்ந்தே நடக்கிறார்.

போன வருடம் அக்கா மகன் திருச்சியிலிருந்து வந்திருந்தான். 21 வயது. சாப்பிட்டு முடித்த பிறகு தயங்கித் தயங்கி மொபைலை நீட்டினான். தள்ளுபடி விலையில் முடி நடும் விளம்பரம். "மாமா, இதுக்கு முன்பணம் கட்டலாமா?" அவனை டியூப்லைட்டின் கீழ் நிறுத்தித் தலையைக் குனியச் சொன்னேன். நெற்றி ஓரம் லேசாக ஏறியிருந்தது, உச்சி நன்றாகவே இருந்தது. அந்த வாரமே என் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பக்கவிளைவு எல்லாவற்றையும் அவனுக்கு அவர் பொறுமையாகச் சொன்னார். அவன் ஒரு வாரம் யோசித்து, அவன் அம்மாவிடமும் பேசிவிட்டு, மருந்தை ஆரம்பித்தான். முன்பணம் கட்டவில்லை.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி இரவு அவனிடமிருந்து நான்கு போட்டோ வரும். இந்த மாதம் மறந்துவிட்டான். "டேய், போட்டோ எங்கே?" என்று அனுப்பினேன். "தலை ஈரமா இருக்கு மாமா, காஞ்சதும் எடுக்கிறேன்" என்று பதில் வந்தது.